வடகடலில் முன்பே ஆள் இருந்தார்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வடதுருவக் கடல்வழி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். வரைபடம் அருமை. ஆனால் டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸை ‘அந்தக் கடலைக் கண்டுபிடித்தவர்’ என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாரன்ட்ஸின் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போகும் வழி போர்ச்சுகீசியர் கையில் இருந்ததால், டச்சு வணிகர்கள் சீனாவுக்கு வடக்கே வழி தேடினார்கள். 1596-இல் மூன்றாம் முறையாகப் புறப்பட்ட பாரன்ட்ஸின் கப்பல், ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள நோவயா செம்லியா தீவின் கரையில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. கப்பலில் வந்த 17 பேரில் ஒருவர் விரைவிலேயே இறந்துபோனார்; மற்றவர்கள் கரை ஒதுங்கிய மரங்களாலும் கப்பல் பலகைகளாலும் ஒரு வீடு கட்டினார்கள். டிசம்பரில் ஒருநாள் குளிர் தாங்காமல் நிலக்கரியை மூட்டி, சூடு வெளியேறாதபடி கதவையும் புகைபோக்கியையும் அடைத்துவிட்டுப் படுத்தார்கள். எல்லோருக்கும் தலை சுற்றியது. ஒருவர் எப்படியோ எழுந்துபோய்க் கதவைத் திறந்து, அங்கேயே பனியில் மயங்கி விழுந்தார். அதனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். 1597 ஜூனில் இரண்டு திறந்த படகுகளில் கிளம்பினார்கள். ஒரு வாரத்துக்குள் பாரன்ட்ஸ் இறந்துபோனார். ஊர் திரும்பியது 12 பேர்.

அந்த 12 பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோயால் நொந்து, தெற்கே வந்துகொண்டிருந்தவர்கள் ஜூலை இறுதியில் ரஷ்யப் படகுக்காரர்களைச் சந்தித்தார்கள். அவர்கள் ரை தானிய ரொட்டியும் புகையில் வாட்டிய பறவை இறைச்சியும் கொடுத்தார்கள். இதை உடன் சென்ற கெரிட் டி வீர் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். வடமேற்கு ரஷ்யாவில் வெண்கடல் பக்கம் வாழ்ந்த பொமோர் என்னும் ரஷ்யக் கடலோர மக்களுக்கு இது பழகிய கடல். பாரன்ட்ஸுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1556-இல், ஆங்கிலேயர் ஸ்டீவன் பரோ இங்கே வந்தார். அவருடைய கப்பலைவிட ரஷ்யப் படகுகள் வேகமாகப் போயின. அவை பாயை இறக்கி அவருக்காகக் காத்திருந்ததாக அவரே சொல்கிறார். பொமோர்களின் ‘கோச்’ படகுக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். பனிக்கட்டி இருபுறமும் நெருக்கினால் நொறுங்காது, மேலே எழும்பும். பல தலைமுறை அந்தக் கடலில் ஓடியவர்களுக்குத்தான் இப்படி ஒரு படகு கட்டத் தெரியும்.

அப்புறம், வணிகத்துக்கும் அவர்கள் அன்னியரை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. சைபீரியாவின் யமால் தீபகற்பத்தை ஆறுகள் வழியாகவும் படகுகளை இழுத்தும் கடந்து, தாஸ் ஆற்றங்கரையில் இருந்த மங்கசேயா என்ற வணிக ஊருக்குப் போய், சேபிள் என்னும் சிறு விலங்கின் மென்மயிர்த் தோல் வாங்கிவந்தார்கள். அன்னியக் கப்பல்கள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தில் 1619-இல் ஜார் அரசு அந்தக் கடல்வழியைத் தடைசெய்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு வணிகப் பாதை அரசு ஆணையால் மூடப்பட்டதை விட்டுவிட்டு வடகடல் வணிகத்தின் வரலாற்றை எழுத முடியாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பொமோர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். வரைபடத்தில் மங்கசேயாவையும் குறியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி