விழுந்த பல்லைத் தூக்கி எறியாதே

அன்புள்ள செந்திலுக்கு,

கோவில்பட்டிப் பள்ளியில் ஹாக்கிப் பையன்களை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். அந்த ஊரில் ஹாக்கிக்கு உள்ள மவுசு உனக்குத் தெரியும், பந்து எவ்வளவு கெட்டி என்பதும் தெரியும். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பல் முழுசாகக் கழன்று மண்ணில் விழுந்தாலும் திரும்பப் பொருத்தலாம். சின்ன வயதில் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். விழுந்த பல் குப்பை என்றே நினைப்பு. பால்பல்லுக்கு அது சரி, அதைத் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் வளரும் பல் கெட்டுவிடும். உன் பையன்கள் ஆறாம் வகுப்பைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்கள்தான்.

முதலில் பையனைப் பார். மயக்கம், வாந்தி இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரி, பல் அப்புறம். தெளிவாக இருந்தால் பல்லைத் தேடு. கையில் எடுத்தால் இவ்வளவு நீளமா என்று தோன்றும். பாதிக்கு மேல் வேர்தான். மஞ்சளாக இருக்கும் அந்த வேரின்மேல் மெல்லிய சவ்வு ஈரமாக ஒட்டியிருக்கும். அது உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். வெளியில் காய்ந்தால் 30 நிமிடத்துக்குள் அதில் பெரும்பகுதி செத்துவிடும். அதனால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடி. மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசு, இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில நொடி. சோப்பு, டெட்டால், தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எதுவென்று தெரிந்துகொண்டு, அங்கேயே குழிக்குள் மெதுவாக அழுத்து. கைக்குட்டையை மடித்துக் கடிக்கக் கொடு. கொஞ்சம் கோணலானாலும் பரவாயில்லை, டாக்டர் நேராக்கிக்கொள்வார்.

கை நடுங்கினால், இல்லை பையன் விடவில்லை என்றால், ஆவின் பாக்கெட்டை உடைத்துத் தம்ளரில் ஊற்றி அதில் பல்லைப் போடு. சூடான பால் ஆகாது. பால் கிடைக்காவிட்டால் அவனையே தம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடு. வெறும் தண்ணீரில் ஊறினால் சவ்வு கெட்டுப்போகும். ஆனாலும் காயவிடுவதற்கு அது மேல். எங்களிடம் ஒரு அம்மா மகனின் பல்லை ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக வைத்து மறுநாள் காலையில் கொண்டுவந்தார். காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவே காய்ந்து கிடந்தது.

டாக்டர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டுவார், 2 வாரம் இருக்கும். வேர் முழுசாக வளர்ந்த பல்லுக்கு அந்த 2 வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் வேண்டும். டெட்டனஸ் ஊசி பாக்கியா என்று கேள். கம்பி இருக்கும்வரை இட்லி, கஞ்சி போதும், மட்டையைத் தொடக்கூடாது.

வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற வாய்க்கவசம் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். கோல்கீப்பருக்கு மட்டுமில்லாமல் எல்லாருக்கும் வாங்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேள். ஞாயிறு சாயங்காலம் திறந்திருக்கும் பல் டாக்டர் யார் என்று விசாரித்து நம்பரைப் போனில் போட்டு வை.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அம்மா