துருவைத் தேய்க்கவிடாமல் தடுத்தவருக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் உதவிய அன்பருக்கு மனமார்ந்த நன்றி. போரிலிருந்து வீட்டுக்கு வந்த ஜப்பானிய வாளின் அடையாளம் கைப்பிடிக்குள்தான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். கைப்பிடியை அலகோடு பிணைக்கும் மூங்கில் ஆணியை அதன் சிறுத்த முனையிலிருந்து மெல்லத் தட்டினால் கழன்றுவிடும். உள்ளே நகாகோ என்னும் அலகின் வால்பகுதி. அதிலுள்ள கறுத்த துரு அழுக்கல்ல, வாளின் வயதுக்குச் சாட்சி. உப்புத்தாள் போட்டால் அந்தச் சாட்சியும் போகும், மதிப்பும் போகும், அதில் பொறித்த கொல்லரின் பெயரும் மங்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் படமெடுத்ததும் அதில் ‘ஷோவா 18’ துலக்கமாகத் தெரிந்தது. ஷோவா என்பது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கு: 1925ஐக் கூட்டினால் 1943. மூங்கில் ஆணிக்குப் பதில் திருகாணியும் அலகில் வரிசை எண்ணும் இருந்தால் அது 95ஆம் வகை, ராணுவத்துக்காகத் தொழிற்சாலையில் செய்தது. அலகை வெறும் விரலால் தொடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. வியர்வை பட்டால் விரல்ரேகை அப்படியே துருவாகப் படிந்துவிடும்.