காலாண்டு விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூனில் நம் பார்வையற்றோர் பள்ளி திறந்த முதல் வாரம், ராத்திரியானால் விடுதியில் அழுகைச் சத்தம்தான். ஃபோனில் அதைக் கேட்டுவிட்டு, "வந்து கூட்டிட்டுப் போயிடட்டுமா சார்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

முதல் வகுப்பில் ஒரு பிள்ளை, வந்த புதிதில் ஆயாவின் முந்தானையை விடவே மாட்டாள். இன்று சுவரில் புறங்கையை உரசியபடி தனியாகவே சாப்பிடப் போகிறாள். குழாய் சொட்டும் இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவள் கணக்கு. குழாயைச் சரிசெய்த அன்று திரும்பத் தெரியாமல் நின்றுவிட்டாள். அப்புறம்தான் எங்களுக்கே விஷயம் புரிந்தது.

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் பழகத்தான் நாளாகும். தாளின் பின்பக்கமிருந்து ஊசியால் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அழுத்தி அழுத்திப் பிஞ்சுக் கை சிவந்துபோகும். இந்த எழுத்தைத் தந்த லூயி பிரெய்லும் 1819-இல், 10 வயதில், வீட்டை விட்டு பாரிஸ் விடுதிப் பள்ளிக்குப் போனவர்தான். பின்னாளில் அங்கேயே ஆசிரியரானார்.

ஆசிரியர்களும் பழகத்தான் வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த ஆசிரியை, பிள்ளைகள் பதில் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். சரியா தப்பா என்று தெரியாமல் வகுப்பே காத்திருந்தது. எங்கள் தமிழாசிரியருக்கும் பார்வை கிடையாது, இதுபோன்ற விடுதியில் வளர்ந்தவர். அவர்தான் சொன்னார்: "வாயால சொல்லணும்மா. வெளியே போறப்பவும் சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா பிள்ளைங்க வெறும் நாற்காலிகிட்டப் பேசிக்கிட்டிருக்கும்."

வீட்டிலும் இதையே கேட்கிறேன். பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள். தட்டைக் கடிகாரமாக நினைத்து, 6 மணிப் பக்கம் சோறு, 12 மணிப் பக்கம் பொரியல் என்று சொன்னால் போதும், அவர்களே சாப்பிடுவார்கள். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவுதான் நெற்றியில் இடிக்கும். வெளியே போகும்போது தோளைப் பிடித்துத் தள்ளாமல், உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஓரடி முன்னால் நடங்கள்.

ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு தடித்த தாள் இருக்கும். பிள்ளை தன் கையாலேயே உங்களுக்குப் பிரெய்லில் எழுதிய கடிதம். அவர்களையே படித்துக்காட்டச் சொல்லுங்கள். தாளை மடிக்க வேண்டாம், மேலே கனமாக எதையும் வைக்கவும் வேண்டாம். புள்ளிகள் அமுங்கிவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்