ஜெட் ஸ்கீ ஓட்டுபவர்கள் அறிய வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோதல் நெருங்கும்போது ஜெட் ஸ்கீ எனும் சிறு நீர் ஊர்தியை ஓட்டும் புதியவர்கள் பதற்றத்தில் வேகம் கூட்டும் விசையை விட்டுவிடுகிறார்கள். ஆனால், பொதுவாகச் சுக்கான் இல்லாத அந்த ஊர்தி, பின்புறம் பீய்ச்சப்படும் நீரின் உந்துதலால் திரும்புவதால், விசையை விட்ட கணமே திசைமாறும் ஆற்றலைப் பெருமளவு இழந்து, போன போக்கிலேயே வழுக்கிச் செல்கிறது. வாடகைக்கு விடுபவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். உயிர்காப்பு உடையை மாட்டிவிடுவதோடு அவர்கள் கடமை முடிவதில்லை.

1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நேரெதிரே வரும் இரு இயந்திரக் கலங்களும் தத்தம் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்பக்கம் காணும் கலமே வழிவிட வேண்டும். படகின் பின்னெழும் அலையில் துள்ளுவது வேடிக்கைதான் (எனக்கும் பிடிக்கும்). எனினும், எதிரில் வருபவரை அந்தப் படகே மறைத்துவிடுகிறது. படகோட்டிகளும் திரும்புமுன் ஒருமுறை பின்னால் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்