எங்கள் எழுத்துகளை எடைபோடாதீர்கள்

மரபுப் பொருள்கள் பாதுகாப்புத் துறையின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் நடத்திவரும் அச்சகத்தைப் பற்றிய விண்ணப்பங்கள் தங்கள் கோப்பிலேயே இருப்பதால், சென்ற வாரம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கட்டடத்தைக் கையகப்படுத்துமுன் பட்டியலெடுக்க வந்தவர்கள், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினைப் 'பழைய இரும்பு' என்றும் அச்செழுத்துகளை 'உலோகக் கழிவு' என்றும் குறித்துக்கொண்டார்கள். எடை பார்க்க வசதியாக இருக்கும் என்று எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் தட்டுகளான பதினொரு கேஸ்களையும் ஒரே சாக்கில் கவிழ்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே 'ழ' இருக்கும் அறையில் கைவைக்கக்கூடிய என் தந்தை, இப்போது மேசைவிளக்கின் கீழ் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, எந்த வகை எழுத்து என்று காட்டும் பக்கவாட்டு வெட்டுக்குறியை விரலால் தடவிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஏழு நாளில் ஒரு கேஸ்கூட நிறையவில்லை. பாயின்ட் என்பது எழுத்தின் அளவு; 10 பாயின்ட் வரியில் 12 பாயின்ட் எழுத்து ஒன்று கலந்தாலும் வரி இறுகாது. சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டித் தூக்கும்போது மற்றவை உதிர்ந்துவிடும். தராசுக்கு இதெல்லாம் தெரியாது. ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த உலோகம் இத்தனை கிலோ என்று மட்டுமே அது காட்டும்.

மெஷின், எழுத்து, கேஸ், எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக், மை தடவும் ரோலர் அனைத்தையும் ஒரே தொகுதியாக, இருக்கும் இடத்திலேயே, ஓடும் நிலையில் மரபுப் பொருளாகப் பதிவு செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. இது நடக்காத காரியம் அன்று. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் மொரேட்டஸ் குடும்பத்தின் அச்சகத்தை 1876-இல் வாங்கிய நகராட்சி, எதையும் கலைக்காமல் அதே வீட்டில் மறு ஆண்டே காட்சியகமாகத் திறந்தது. 1600-ஐ ஒட்டிய காலத்து அச்சுப்பொறிகள் இரண்டு இன்றும் அங்கே நிற்கின்றன. 2005-இல் அது உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது.

சிலையைத் தொட ஆயிரம் முறை யோசிப்பவர்கள், அதைச் செதுக்கிய உளியைக் குப்பையில் போடத் தயங்குவதில்லை. நெய்தவனின் தறிக்கும், கொல்லனின் துருத்திக்கும், அச்சுக் கோத்தவனின் கேஸுக்கும் எப்போதும் இதே கதிதானா? ஆற்றாமையில் எங்கோ போய்விட்டேன்; பொறுத்தருள வேண்டும்.

வரும் திங்கட்கிழமை லாரி வரும் என்று சொல்லிச் சென்றிருக்கிறார்கள். அதை நிறுத்திவைத்து, அச்சுத்தொழில் அறிந்த ஒருவரை முதலில் அனுப்பும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அவர் கண்ணெதிரே மெஷினை ஓட்டி ஒரு தாள் அச்சடித்துக் காட்டுகிறோம். ஒரே தொகுதியாகப் பதிவு செய்யும்வரை, அந்தச் சாக்கை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சகக் குடும்பத்தில் ஒருவன்