"லேசாகத் தூங்க வைப்பார்கள்" என்றால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மயக்க மருந்து பற்றி அதில் இருந்தது ஒரே வரி: "தேவைப்பட்டால் லேசாகத் தூங்க வைப்பார்கள்." அந்த "லேசாக" என்பதை நம்பித்தான் நானும் போனேன்.

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது, வலிப்பு வந்ததால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். காலை 8 மணிக்கு வரவேண்டும், அதற்கு 6 மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் படக்கூடாது என்றார்கள். பெயரைக் கூப்பிட்டபோது மணி 12. பத்து மணி நேரப் பட்டினி, அழுது அழுது தொண்டை கட்டிப்போய் என் விரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தான். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதனால்தான் வெறும் வயிறு, அது புரிகிறது. ஆனால் தாய்ப்பாலுக்கு 4 மணி நேர இடைவெளி போதும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரைகூடக் கொடுக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. சின்னப் பிள்ளைகளைக் காலையில் முதல் ஆளாக எடுத்தால் என்ன?

சிரப் கொடுத்தார்கள். தூங்கினான், எம்.ஆர்.ஐ. இயந்திரக் குழாய்க்குள் படுக்க வைத்ததும் அதன் டம் டம் சத்தத்தில் விழித்துவிட்டான். மறுபடியும் கொடுத்தார்கள். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டேதான் இருப்போம், பயப்படாதீங்க" என்றார்கள். குழாய்க்குள் கிடக்கும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணாடி வழியாகத் தெரியாது. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்கூட மாட்டவில்லை, அதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்கு அன்று தெரியாது. முடிந்ததும் தூக்கத்திலேயே அனுப்பிவிட்டார்கள். வண்டியில் என் மடியில் தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டியதும் மூச்சு கர் கர் என்று இழுத்தது. வீடு வரைக்கும் தாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறு வருடம் வேறு ஓர் இடத்தில் எடுத்தோம். மயக்க மருத்துவரே வந்து எடை பார்த்தார், சளி இருக்கிறதா, ராத்திரி குறட்டை விடுவானா என்று கேட்டார். கால் பெருவிரலில் சிவப்பு வெளிச்சத்தோடு கிளிப் மாட்டி அவரே உள்ளே நின்றார். அவன் கண் விழித்து, தண்ணீர் குடித்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் விட்டார்கள்.

மயக்க மருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்குமோ என்று என்னைப் போலப் பயப்படுகிறவர்கள் பலர். 2016-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது, 3 வயதுக்குள் பலமுறையோ 3 மணி நேரத்துக்கு மேலோ மயக்கம் கொடுப்பதைப் பற்றி. ஒரு முறை கொஞ்ச நேரம் கொடுப்பதைப் பற்றி அல்ல. அதனால் டாக்டர் அவசியம் என்று சொன்ன ஸ்கேனைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மயக்கம் கட்டாயம் வேண்டுமா என்று கேளுங்கள். சி.டி. ஸ்கேன் பல நேரம் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறந்து சில மாதமே ஆன குழந்தையைப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தானாகத் தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சத்தத்தை முன்பே கேட்க வைத்துப் பழக்கினால் மருந்தே இல்லாமல் படுத்துக்கொள்வதும் உண்டு.

அடுத்த இதழில் ஒரு குழந்தைகள் மயக்க மருத்துவரிடம் பேசி, இதை ஒரு முழுப் பக்கமாகப் போடுங்கள். கிளிப் மாட்டுவார்களா, உள்ளே யார் நிற்பார்கள், எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள், இந்த மூன்றையாவது கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்