மல்லாட்டை காஞ்சா கணக்கு மார்க்கும் காயுது

ஆசிரியர் சார் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வெயிலும் ஸ்கூல் தொறக்கற தேதியும்னு வந்த தலையங்கத்த படிச்சேன். இந்த 2025ல ஜூன் 2ல தொறந்தது சரியா, இன்னும் ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கலாமான்னு ரெண்டு பக்கமும் பேசிருந்தீங்க. 2023ல ரெண்டு தடவ தள்ளி வெச்சு ஆறாவதுக்கு மேல ஜூன் 12, சின்னப் பசங்களுக்கு ஜூன் 14ன்னு தொறந்தாங்க, 2024ல ஜூன் 6ன்னு சொன்னத 10 ஆக்குனாங்க, வருஷா வருஷம் இதே பேச்சுதான். நான் திருவண்ணாமலை மாவட்டத்துல 31 வருஷம் வாத்தியாரா இருந்து 2020ல ரிட்டையர் ஆனவன், எனக்கு இந்த தேதி சண்டைல பெருசா ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா வெயிலால படிப்பு கெடுதுன்னு பேசறப்ப எல்லாரும் மே ஜூன் மாசத்தையும் கிளாஸ்ரூம் ஃபேனையும் மட்டுமே பாக்கறாங்க, கொல்லைய, அதாவது எங்க பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) வெதைக்கற நெலத்த, யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, அத சொல்லத்தான் இந்த லெட்டர்.

கிளாஸ்ரூம் சூடு பொய்னு நான் சொல்லல. ஷீட்டு போட்ட ஒரு ரூம்ல நாலு வருஷம் கிளாஸ் எடுத்துருக்கேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு பசங்க பெஞ்சுல கன்னத்த வெச்சு படுத்துருவாங்க, நானும் சாக்பீஸ கீழ வெச்சுட்டு ஏதாவது கதை சொல்லி ஓட்டுவேன், வேற என்ன பண்றது. 2025 ஜனவரில யுனிசெஃப் ஒரு அறிக்கை விட்டுச்சு, 2024ல மட்டும் 85 நாட்டுல 24 கோடியே 20 லட்சம் பசங்களோட படிப்பு வெயில் புயல் வெள்ளம்னு ஏதாவது ஒண்ணால தடைபட்டுச்சாம், அதுல வெயிலுக்குத்தான் முதல் எடம், 17 கோடிக்கு மேல. பங்களாதேஷ்லயும் பிலிப்பைன்ஸ்லயும் அந்த ஏப்ரல்ல ஸ்கூல மூடுனது உங்க பேப்பர்லயே வந்துது. ஆனா இந்தக் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு பூட்டு போட்ட நாளையும் நேரத்த பெருசா மாத்துன நாளையும் வெச்சு போட்டது. கேட்டு தொறந்துதான் இருக்கு, பையன் வந்து உக்காந்துதான் இருக்கான், அட்டெண்டன்ஸ்ல டிக்கு விழுந்துதான் இருக்கு, ஆனா படிப்பு ஏறல, அது எந்தக் கணக்குல வரும்?

அதுக்கு ஒரு ஆய்வு இருக்கு சார். என் பொண்ணு பெங்களூர்ல எக்கனாமிக்ஸ் சொல்லிக் குடுக்கறா, அவதான் உக்கார வெச்சு எனக்கு வெளக்குனா. தீவ்ரத் கர்க், மௌலிக் ஜக்னானி, விஸ் தரஸ்னு மூணு பேர் சேர்ந்து பண்ணி 2020ல வெளியிட்டது. புதுசா பரீட்சை ஒண்ணும் வெக்கல, நம்ம நாட்டுல பிரதம் அமைப்பு 2005ல இருந்து எடுக்கற ஏசர் சர்வே இருக்குல்ல, வீடு வீடா போய் பசங்கள ஒரு பத்தி படிக்கச் சொல்லி ஒரு கழித்தல் ஒரு வகுத்தல் போடச் சொல்றது, அந்த மார்க்கையும் அந்தந்த மாவட்டத்து வெயிலையும் சேத்து வெச்சு பாத்துருக்காங்க. சராசரி 29 டிகிரிக்கு மேல போற நாள் வருஷத்துல ஒரு பத்து கூடுச்சுன்னா, அதாவது 15-17 டிகிரி நாளுக்கு பதிலா அப்படி ஒரு பத்து நாள் வந்துச்சுன்னா, கணக்குல 0.03ம் வாசிக்கறதுல 0.02ம் திட்ட விலக்கம் கொறையுது. நம்ம பத்தாங்கிளாஸ் கணக்கு புக்குல பசங்க திட்டிக்கிட்டே போடுவாங்களே அதே திட்ட விலக்கம்தான், மார்க்கெல்லாம் சராசரில இருந்து எவ்வளவு சிதறிக் கெடக்குன்னு அளக்கறது. பாக்கறதுக்கு துக்கடா நம்பர் மாதிரி இருக்கும், ஆனா அது ஒரு பையனுக்கு இல்ல, மாவட்டத்துப் பசங்க எல்லாருக்கும் சேத்து, அதுவும் வெறும் பத்து நாளுக்கு. இன்னொண்ணு, 29ங்கறது உச்சி வெயில் இல்ல, ராத்திரியும் பகலும் சேந்த சராசரி, எங்க ஊருக்கு சித்திரைல இருந்து ஆவணி வரைக்கும் அது ஒரு அதிசயமே கெடையாது.

சரி, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நீங்க நெனைக்கலாம், நானும் அப்படித்தான் நெனச்சேன். விஷயம் என்னன்னா அவங்க வெயில ரெண்டா பிரிச்சு பாத்துருக்காங்க, பயிர் இருக்கற மாசத்துல அடிச்ச வெயில் தனியா, பயிர் இல்லாத மாசத்துல அடிச்ச வெயில் தனியா. மார்க்க இழுத்து கீழ தள்ளுனது பயிர் மாசத்து வெயில், அதுவும் முந்துன வருஷம் அடிச்சது. பயிர் இல்லாத மாசத்து வெயிலால பெருசா சேதம் இல்ல. சூடு தாங்கற பயிர் வெக்கற ஊர்ல அடி கம்மியாவும் இருந்துருக்கு. மழை கொறைஞ்சதால வந்த நஷ்டத்த இதோட கொழப்பிடக் கூடாதுன்னு மழையையும் தனியா கணக்குல எடுத்துருக்காங்க. அப்ப அந்த வெயில் பையனோட தலைல நேரா விழல சார், கொல்லைல விழுந்து, மகசூல் கொறைஞ்சு, வீட்டுல காசு கொறைஞ்சு, சாப்பாடு கொறைஞ்சு, அப்புறம்தான் நோட்டுக்கு வருது.

இத பொண்ணு சொன்னதும் எனக்கு 2003ல என் கிளாஸ்ல இருந்த ஒரு பையன் ஞாபகம் வந்துட்டான். எங்க பக்கம் மானாவாரி மல்லாட்டைதான். ஆடில வெதச்சு ஐப்பசில புடுங்கறது. பூ எடுத்து விழுது மண்ணுல எறங்கற நேரத்துல வெயில் தொடர்ந்து காய்ச்சுச்சுன்னா செடி மேல பச்சையா நிக்கும், புடுங்கிப் பாத்தா பாதி பொக்கு. அந்த வருஷம் அவங்க கொல்லைல அப்படித்தான், ஆய்ஞ்ச கூலிக்கு கூட காய் தேறல. அவங்க அப்பா அம்மா பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிட்டாங்க, பையனையும் கூட்டிக்கிட்டு. பொங்கல் கழிச்சு திரும்பி வந்தான், ஆறாவது. போர்டுல 402ல இருந்து 175ஐ கழிடான்னேன், ரெண்டுல இருந்து அஞ்சு போகாது சார்னு நின்னுக்கிட்டே இருந்தான், நாலாவதுல நல்லா போட்டவன். கடன் வாங்கிக் கழிக்கறது மகனுக்கு மறந்து போச்சு, அப்பனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்னு நான் ஸ்டாஃப் ரூம்ல ஜோக்கு வேற அடிச்சேன், இப்ப நெனச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

இப்ப அந்த ஆய்வுல எனக்கு முக்கியமா பட்ட எடத்துக்கு வரேன். நூறு நாள் வேலை நாடு முழுக்க ஒரே நாள்ல வரல, 2006 பிப்ரவரில 200 மாவட்டம், 2007ல இன்னும் 130, 2008 ஏப்ரல்ல மீதி எல்லாம். முதல் தவணைல நம்ம மாநிலத்துல கடலூர், திண்டுக்கல், நாகை, சிவகங்கை, விழுப்புரம், அப்புறம் எங்க திருவண்ணாமலை. தவணை தவணையா வந்ததால திட்டம் வந்த மாவட்டத்தையும் வராத மாவட்டத்தையும் பக்கத்துல வெச்சு பாக்க முடிஞ்சுது. பாத்தா, திட்டம் வந்த எடத்துல அதே வெயில் பசங்க மார்க்க அந்த அளவுக்கு அடிக்கல. பயிர் போனாலும் வீட்டுக்கு ஏதோ கூலி வந்துச்சு, அதனால. எங்க ஊர்ல அதுக்கு ஏரி வேலைன்னு பேரு, மரத்தடில உக்காந்து கத பேசிட்டு வராங்கன்னு நக்கல் பண்ணாத ஆள் கெடையாது, நானும் பண்ணிருக்கேன், வாத்தியார்னா சும்மாவா. அந்த மரத்தடி கூலி பசங்களோட கழித்தல் கணக்க காப்பாத்திட்டு இருந்துருக்குன்னு யாருக்கு தெரியும்.

அதனால இந்த கூலி பாக்கி விஷயத்த நான் கல்விச் செய்தியா படிக்கறேன் சார். நூறு நாள் வேலைக்கு 2005ல போட்ட சட்டப்படி 15 நாள்ல கூலி வரணும், லேட்டானா ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் நஷ்ட ஈடு வேற வெச்சிருந்தாங்க. 2024 நவம்பர் கடைசில இருந்து நம்ம ஜனங்களுக்கு மாசக்கணக்குல வரல, 4,034 கோடி வரணும்னு 2025 மார்ச்சுல போராட்டமெல்லாம் நடந்துச்சு, உங்க பேப்பர்ல அது அரசியல் பக்கத்துல வந்துது, யார் யார எப்படி திட்டுனாங்கன்னு. 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு நாள் கூலி 319 ரூபாய்ல இருந்து 336 ஆச்சுன்னு ஒரு பொட்டிச் செய்தி. கைக்கே வராத காசு 336ஆ இருந்தா என்ன 500ஆ இருந்தா என்னன்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டுச்சு, என்கிட்ட பதில் இல்ல.

ஒரு பக்கத்த மட்டும் சொல்லிட்டு போனா நான் பசங்களுக்கு சொல்லிக் குடுத்ததுக்கே அர்த்தம் இல்லாம போயிடும், அதனால இதையும் சொல்லிடறேன். மனிஷா ஷா, பிரைஸ் ஸ்டைன்பெர்க்னு ரெண்டு பேர் அதே ஏசர் மார்க்கையும் அதே தவணைக் கணக்கையும் வெச்சு வேற கேள்வி கேட்டாங்க. நூறு நாள் வேலை வந்த எடத்துல 13லருந்து 16 வயசு பசங்க, திட்டம் வந்து ஒவ்வொரு வருஷம் ஆக ஆக, ஸ்கூல்ல சேர்றது 2 சதவீதப் புள்ளி கொறைஞ்சிருக்கு, கணக்கு மார்க்கும் கொஞ்சம் எறங்கிருக்கு. ஆம்பளப் பசங்க கூலிக்குப் போறாங்க, பொம்பளப் புள்ளைங்க வீட்டு வேலைக்கு நிக்கறாங்கன்னு பிரிச்சே சொல்லிருக்காங்க. முதல் ஆய்வு சரின்னா இது எப்படி சரியாகும்னு என் பொண்ணுகிட்ட கேட்டேன். ரெண்டும் சரிதான்ப்பா, அவங்க கேட்டது வெயில் அடிச்ச வருஷத்துல என்ன ஆச்சுன்னு, இவங்க கேட்டது எல்லா வருஷத்துக்கும், அதுவும் பெரிய பசங்களுக்குன்னு சொன்னா. எனக்கு அதுக்கு மேல அவ சொல்லணும்னே இல்ல, எட்டாவதுல நான் பாத்த புள்ளைங்க மூஞ்சி வரிசையா வந்துச்சு. அம்மா காலைல அட்டைய எடுத்துக்கிட்டு ஏரிக்கு போயிடும், பணித்தள பொறுப்பாளர் அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்குள்ள போகலன்னா அன்னைக்கு வேலை இல்ல, வீட்டுல ஒன்றரை வயசு தம்பி, அப்ப யாரு நிப்பா? திங்கள் கிழமை வந்து தம்பிக்கு ஜொரம் சார்னு லீவ் லெட்டர் குடுக்கும், அடுத்த வாரமும் தம்பிக்கு ஜொரம். ஒரு தடவ வீட்டுக்கே போய் பாத்தேன், தம்பி நல்லா குண்டா வாசல்ல மண்ணு தின்னுக்கிட்டு இருந்தான், அந்தப் புள்ள தண்ணிக் கொடத்த எறக்கி வெச்சுட்டு என்னப் பாத்து ஓடி உள்ள போயிடுச்சு.

இதுக்கும் அந்த 2005 சட்டத்துலயே வழி வெச்சிருந்தாங்க சார், அதுதான் வயித்தெரிச்சல். வேலை நடக்கற எடத்துக்கு ஆறு வயசுக்கு கீழ அஞ்சு கொழந்தைங்களோ அதுக்கு மேலயோ வந்தா அதுங்கள பாத்துக்க ஒரு பொம்பளைய போடணும், அந்தம்மாவுக்கும் அதே கூலி. 2006ல இருந்து 2025 வரைக்கும் இந்த 19 வருஷத்துல எங்க ஏரில நான் அப்படி ஒருத்தர பாத்தது ரெண்டே ரெண்டு தடவ, அதுல ஒண்ணு மேலதிகாரி வந்த அன்னைக்கு. கூலிய 15 நாள்ல போட்டு இந்த ஒரு ஆளையும் ஒழுங்கா போட்டா முதல் ஆய்வுல சொன்ன நல்லது நிக்கும், ரெண்டாவது ஆய்வுல சொன்ன கெட்டதுல பாதியாவது கொறையும்னு எனக்கு தோணுது. இது என் யூகம்தான், இத யாராவது ஆய்வு பண்ணுனா நல்லா இருக்கும். யுனிவர்சிட்டில பிஎச்டிக்கு தலைப்பு கெடைக்கலன்னு சுத்தற பசங்க எங்க ஒன்றியத்துக்கு வரட்டும், வெயில் கணக்கு வானிலை ஆபீஸ்ல இருக்கு, கூலி எந்தத் தேதி வந்துச்சுன்னு ஆன்லைன்லயே இருக்கு, ஸ்கூல் ரெஜிஸ்டர் எப்படி வாங்கறதுன்னு நான் சொல்றேன்.

கிளாஸ்ரூமுக்கு ஃபேன் போடட்டும், கூரைல வெள்ளை பெயிண்ட் அடிக்கட்டும், வேணாங்கல. ஆனா வெயிலும் படிப்பும்னு அடுத்த தடவ எழுதறப்ப உங்க நிருபர கலெக்டர் ஆபீசுக்கும் கல்வி ஆபீசுக்கும் மட்டும் அனுப்பாதீங்க சார். ஆவணி கடைசில இந்தப் பக்கம் அனுப்புங்க, மல்லாட்டைல விழுது எறங்கற நேரம். காலைல ஏரில எத்தன கொழந்தைங்க இருக்கு, பாத்துக்க ஆள் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அப்படியே பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வந்து எட்டாவதுல எத்தன பொம்பளப் புள்ளைங்க வரலன்னு எண்ணச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி போன் பண்ணுனா நான் டிவிஎஸ் 50ல வந்து கூட்டிக்கிட்டு போறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளி ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.